பிந்தி வந்த உபாத்தியாயர்

'ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா?' என்பது நம் முதுமொழி. பிள்ளைகளைப் படிக்க வைக்கும் பெற்றோர் இதனை அடிக்கடி எடுத்தாள்வர். ஆயின், அப்பிள்ளைகளுக்குக் கற்பிக்க வருகின்ற உபாத்தியாயருக்கு இம்மொழி பொருந்துமா என்று எவரும் எண்ணிப் பார்ப்பதில்லை. இளமையிலேயே பயிற்சி பெற்று, மீசை கருக்கும் பருவத்திலேயே வகுப்பறையில் நுழைபவர்தாம் ஆசிரியர் என்ற எண்ணம் நம்மிடையே வேரூன்றிவிட்டது. வேறு தொழில்கள் பார்த்து, உலகத்தில் அடிபட்டு, முப்பதையும் நாற்பதையும் தாண்டிய பின் ஆரம்ப வகுப்பிலே சோக்கட்டியைக் கையில் எடுப்பவரை நாம் சற்று ஐயத்துடனேயே நோக்குகின்றோம். "வேறு வேலை கிடைக்கவில்லை போலும்" என்று சொல்லியும் விடுகின்றோம்.

இந்த ஐயம் நியாயமானதுதானா? அதிலும், சிறுவர்க்கு விஞ்ஞானம் கற்பிக்கும் பணியில், பிந்தி வந்தவர் முந்தி வந்தவருக்கு இளைத்தவர்தாமா? சப்பிரகமுவ மாகாணத்துத் தோட்டப் பாடசாலைகளை முன்வைத்து இவ்வினாவைச் சிறிது ஆராய்வோம்.

மலைச் சாரலிற் சிதறிய பாடசாலைகள்

கொழும்பிலிருந்து அவிசாவளையைக் கடந்து கிழக்கு நோக்கிச் செல்லும் பாதை, களனி கங்கையின் ஓரமாகக் கேகாலை மாவட்டத்தினுள் நுழைகின்றது. எட்டியாந்தோட்டை, தெரணியகலை, புளத்கொஹுபிட்டிய முதலான ஊர்களைச் சூழ்ந்து இறப்பர்த் தோட்டங்களும் தேயிலைத் தோட்டங்களும் பரந்துள்ளன. தெற்கே திரும்பினால் இரத்தினபுரி, பெல்மதுளை, காவத்தை, இறக்குவானை, பலாங்கொடை. நுவரெலியாவைப் போல இங்கே தமிழ் மக்கள் பெருந்தொகையாய் ஓரிடத்திற் செறிந்து வாழவில்லை. சிங்களக் கிராமங்களுக்கிடையே, ஒரு தோட்டத்தில் நாற்பது குடும்பம், அடுத்த தோட்டத்தில் அறுபது குடும்பம் என்று சிதறியே வாழ்கின்றனர். ஆதலின் அவர்தம் பாடசாலைகளும் சிறியவை. ஒன்றுக்கொன்று தொலைவில் உள்ளவை. ஓர் உபாத்தியாயரே இரண்டு மூன்று வகுப்புகளை ஒரே கூரையின்கீழ் வைத்துக்கொண்டு பாடம் நடத்துதல் இங்கு புதுமையன்று.

இப்பாடசாலைகளின் வரலாறும் துயரம் கலந்தது. தோட்டப் பிள்ளைகளுக்குக் கல்வி வசதி செய்து கொடுத்தல் தோட்ட நிருவாகத்தின் கடமை என்று 1920ஆம் ஆண்டின் கல்விச் சட்டம் விதித்தது. அச்சட்டத்தின் பயனாய் எழுந்தவை பெரும்பாலும் ஓர் அறைக் கொட்டகைகளே. 1945இல் இலங்கை முழுவதற்கும் இலவசக் கல்வி வந்தபோது, அதன் பயன் தோட்டத்து லயங்களை எட்டவில்லை. அரசாங்கம் தோட்டப் பாடசாலைகளைப் படிப்படியாகப் பொறுப்பேற்றது 1970களிலும் அதன் பின்னருமே. நாட்டின் ஏனைய பிள்ளைகளினும் ஒரு தலைமுறைக் காலம் பிந்தியே இப்பிள்ளைகளின் பந்தயம் ஆரம்பமாயிற்று.

இதன் விளைவுகளுள் ஒன்றை மட்டும் இங்கே குறிப்பிடுவோம். உயர்தர வகுப்பிலே தமிழ் மொழிமூலம் விஞ்ஞானம் பயிலும் வாய்ப்பு, இத்தோட்டப் பிள்ளைகளுக்கு நெடுங்காலம் எட்டாக் கனியாகவே இருந்தது. விஞ்ஞானம் கற்றவர் இல்லாமையால் விஞ்ஞான ஆசிரியர் இல்லை. விஞ்ஞான ஆசிரியர் இல்லாமையால் விஞ்ஞானம் கற்பவர் இல்லை. செக்கு மாடு சுற்றி வருவது போன்ற இந்த வட்டத்தை எங்கே அறுப்பது? பல்கலைக்கழகத்திலா? உயர்தர வகுப்பிலா? நம் கருத்துப்படி, அதனை முதலாம் வகுப்பிலேயே அறுத்தல் வேண்டும். ஏனெனில், ஆறாம் வகுப்பிலே 'விஞ்ஞானம்' என்ற பெயரோடு புத்தகம் கைக்கு வருமுன்னரே, 'ஏன்?' என்று கேட்கும் பழக்கம் ஒரு பிள்ளையிடம் வளர்ந்துவிடுகின்றது, அல்லது வாடிவிடுகின்றது.

பின்கதவு ஒன்று திறந்தது

பெருந்தோட்டப் பாடசாலைகளின் ஆசிரியர் பற்றாக்குறையை நீக்கும் பொருட்டு, 2014இல் அரசாங்கம் ஆசிரிய உதவியாளர் பதவிகளுக்கு விண்ணப்பம் கோரிற்று. 2015இல் நியமனங்கள் வழங்கப்பெற்றன. உயர்தரப் பரீட்சையிற் சித்தியெய்திய தோட்டப்புற இளைஞரும் யுவதியரும் ஆயிரக்கணக்கில் இவ்வழியே பாடசாலைகளுட் புகுந்தனர். முதலில் அவர்களுக்குக் கிடைத்தது மாதம் 6,000 ரூபா கொடுப்பனவே. பல முறையீடுகளின் பின் அது 10,000 ரூபா ஆயிற்று. கொட்டகலை ஆசிரியர் கலாசாலை முதலான இடங்களிற் பயிற்சி பெற்ற பின்னரே நிரந்தர ஆசிரியராகும் வழி திறந்தது.

இங்ஙனம் வந்தோரில் பலர் கலாசாலை மணம் மாறாத இளையோரல்லர். உயர்தரம் முடித்துச் சில ஆண்டுகள் கொழும்புக் கடைகளில் நின்றோர், தோட்டத்துச் சிறுவர் நிலையங்களிற் பிள்ளைகளைப் பார்த்தோர், சம்பளமின்றித் தொண்டராசிரியராய் உழைத்தோர், மணமாகிக் குழந்தைகளைப் பெற்றோர் எனப் பல திறத்தினரும் அவருள் இருந்தனர். நாம் நன்கறிந்த நண்பர் ஒருவரின் கதையை ஈண்டு கூறுதல் பொருந்தும்.

அவர் எட்டியாந்தோட்டைப் பக்கத்து இறப்பர்த் தோட்டம் ஒன்றிற் பிறந்தவர். தந்தையார் பால் வெட்டும் தொழிலாளி. உயர்தரத்தில் கலைப்பிரிவிலே சித்தியெய்தியபின், தோட்டத்து இளைஞர் பலரும் செல்லும் பாதையிலேயே சென்று, கொழும்பில் இரும்புச் சாமான் கடையொன்றிற் பத்து ஆண்டுகள் நின்றார். பின்னர் ஊர் திரும்பி, தோட்டத்து இறப்பர் ஸ்டோரிலே பால் அளந்து பதியும் வேலையிற் சில ஆண்டுகள் கழித்தார். ஆசிரிய உதவியாளர் நியமனம் கிடைத்தபோது அவருக்கு வயது முப்பத்து நான்கு; இரண்டு பிள்ளைகளின் தந்தை. ஸ்டோரிற் பெற்ற கூலியிலும் புதிய கொடுப்பனவு குறைவு.

"கடையில நின்னவனுக்கு இந்த வயசுல எதுக்குப்பா சோக்கட்டி?" என்று தாயார் கேட்டாராம். மனைவியோ, "ஒரு வருசம் பார்ப்போங்க, என் கைக்காசுல அடுப்பு எரியும்" என்று சொன்னாராம். தோட்டப் பாடசாலையில் ஒருவர் பிந்தி வந்து ஆசிரியராக, வீட்டில் ஒரு பெண் விடியற்காலையிற் கூடுதலாக இரண்டு வரிசை மரம் வெட்டவேண்டியிருந்தது என்பதை நாம் மறந்துவிடலாகாது.

தெரிந்தவரின் தோல்வி

நண்பரின் முதற் பாடமே தோல்வியில் முடிந்தது. ஆரம்ப வகுப்புகளிலே விஞ்ஞானம் என்று தனிப் பாடம் இல்லை. 1990களின் இறுதியில் ஏற்பட்ட கல்விச் சீர்திருத்தம், நீர், மண், மரம், விலங்கு, ஒளி, உணவு ஆகியவற்றையெல்லாம் 'சுற்றாடல் சார்ந்த செயற்பாடுகள்' என்ற பெயரால் ஒன்றாக்கி வைத்தது. இறப்பர் ஸ்டோரிலே உழைத்தவராதலால், நம் நண்பர் 'எங்கள் சூழலின் மரங்கள்' என்ற பாடத்தை மிகுந்த நம்பிக்கையுடன் ஆரம்பித்தார். பாலிலே மூன்றில் ஒரு பங்களவு இறப்பர் உண்டு. எஞ்சியது பெரும்பாலும் நீர். அமிலம் இட்டால் உறையும். உருளைகளுக்கிடையே அழுத்தித் தகடாக்குவர். புகையறையில் உலர்த்துவர் என்று அரை மணி நேரம் விளக்கினார். மூன்றாம் வகுப்புப் பிள்ளைகள் வாய் திறவாது அமர்ந்திருந்தனர். இறுதியில் ஒரு சிறுமி மட்டும் எழுந்து, "சேர், வெட்டினா மரத்துக்கு வலிக்காதா?" என்று கேட்டாள்.

நண்பரிடம் விடை இல்லை. அன்று மாலை தம் தந்தையாரிடம் அதே கேள்வியைக் கேட்டார். நாற்பதாண்டுகள் மரம் வெட்டிய முதியவர், "மரத்த வெட்டக் கூடாதுடா தம்பி, தோலைத்தான் சீவணும். கட்டைய தொட்டுட்டா மரம் வருசக்கணக்குல மறக்காது" என்றார்.

அந்த ஒரு வாக்கியத்திலே தாவரவியற் பாடம் ஒன்று முழுவதும் அடங்கியிருந்தது. இறப்பர் மரத்திற் பாற்குழாய்கள் இருப்பது பட்டையிலே. அதற்கும் உள்ளே, மரத்தை வளர்க்கின்ற மெல்லிய உயிர்ப் படலம் உள்ளது. தேர்ந்த கை அப்படலத்தைத் தீண்டாது பட்டையை மட்டும் சீவும். சீவிய இடத்திலே புதுப் பட்டை வளரும். கத்தி ஆழச் சென்றால் மரத்தில் முடிச்சும் வடுவும் விழும். பாற்குழாய்கள் செங்குத்தாய் நில்லாது சற்றே வலப்புறம் சாய்ந்து ஏறுவன. அதனாலன்றோ வெட்டு இடப்புறம் மேலும் வலப்புறம் கீழுமாகச் சரிகின்றது! விடியுமுன்னரே வெட்டத் தொடங்குவதற்கும் காரணம் உண்டு. இரவு முழுவதும் நீர் உண்ட மரத்தினுள் அழுத்தம் மிகுந்திருக்கும். வெயில் ஏறி இலைகள் நீரை ஆவியாக்கத் தொடங்கினால் அழுத்தம் தளரும், பாலும் குறையும்.

மறுநாள் நண்பர் விளக்கவுரை நிகழ்த்தவில்லை. பிள்ளைகளைப் பாடசாலைக்குப் பின்னே நின்ற பழைய மரமொன்றினிடம் அழைத்துச் சென்று, வடுக்களைத் தொட்டுப் பார்க்கச் சொன்னார். "எந்தக் கை நல்ல கை, எந்தக் கை அவசரக் கை?" என்று கேட்டார். பிள்ளைகளின் தந்தையரும் தாயரும் அம்மரங்களை வெட்டியவர்களே. அன்று வகுப்பிலே சத்தம் அடங்கவில்லை.

அயல்நாட்டில் இருவர்

பிந்தி வந்தவரின் பெருமையையும் ஆபத்தையும் ஒருங்கே காட்டும் சரித்திரம் ஐரோப்பாவில் உண்டு. இருபதாம் நூற்றாண்டின் தலைசிறந்த தத்துவ ஞானிகளுள் ஒருவரான லுட்விக் விட்கென்ஸ்டைன், இளமையில் மான்செஸ்டரிலே விமானப் பொறியியல் பயின்றவர். முதலாம் உலக யுத்தத்தில் போர்க்களம் கண்டவர். யுத்தம் முடிந்தபின் தமக்கு வரவேண்டிய பெருஞ் செல்வத்தை உடன்பிறந்தாருக்குக் கொடுத்துவிட்டு, வியன்னாவிலே ஆசிரியப் பயிற்சி பெற்று, 1920இல், முப்பத்தொரு வயதில், டிராட்டன்பாக் என்னும் மலைக் கிராமத்தில் ஆரம்பப் பாடசாலை ஆசிரியரானார். அவருடைய மாணாக்கர் பூனையின் எலும்புக்கூட்டைத் தம் கையாற் பொருத்தினர். இயந்திரங்களின் இயக்கத்தை மாதிரிகளாற் கற்றனர். 1926இல் ஆரம்பப் பாடசாலைகளுக்கென ஓர் அகராதியையும் அவர் வெளியிட்டார்.

ஆயின், அதே ஆண்டில் ஒரு மாணவனைத் தலையில் அடித்து, அவன் மயங்கி விழ, விட்கென்ஸ்டைன் பதவியைத் துறந்தார். கணக்கு விளங்காத பிள்ளைகளிடம் அவர் பொறுமை இழப்பது வழக்கமாயிருந்தது. பேரறிவு படைத்தவருக்கும் பிள்ளையின் நடைக்கு நடக்கத் தெரியவில்லை. பிந்தி வருபவர் எல்லோரும் உள்ளத்தில் எழுதிவைத்துக்கொள்ள வேண்டிய எச்சரிக்கை இது.

மறுபுறத்தில் மரியா மொண்டிசோரி அம்மையார் நிற்கின்றார். 1896இல் ரோமாபுரியிலே வைத்தியப் பட்டம் பெற்ற அவர், தம் முப்பத்தாறாம் வயதில், 1907இல், ஏழைத் தொழிலாளரின் பிள்ளைகளுக்கென முதலாவது சிறுவர் இல்லத்தைத் திறந்தார். நோயாளியை உற்று நோக்கும் வைத்தியரின் கண்ணைப் பிள்ளையின் மீது திருப்பினார். பிள்ளையை அவதானித்து, அதன்பின் கற்பித்தார். 1944இல் இலங்கைக்கும் வந்து ஆசிரியர்க்குப் பயிற்சி அளித்தார். முன்னைத் தொழிலிற் பெற்ற அறிவை இருவருமே வகுப்பறைக்குக் கொண்டுவந்தனர். ஒருவர் தமக்குத் தெரிந்ததைப் பிள்ளை உடனே அறிந்துவிட வேண்டுமென எதிர்பார்த்தார். மற்றவர் பிள்ளையிடமிருந்து தாம் அறியவேண்டியதைத் தேடினார்.

நம் நண்பருக்கும் இந்த வேறுபாடு ஆசிரியர் கலாசாலையிலேதான் புலப்பட்டது. தம்மினும் பத்து வயது இளையோருடன் ஒரே வாங்கில் அமர்ந்து, உளவியலும் பாடத்திட்டமும் கற்கக் கூச்சமாயிருந்தது என்று அவர் மறைக்காமற் கூறுவார். "எனக்குப் பொருள் தெரிந்திருந்தது, சேர்; பிள்ளையைத் தெரியவில்லை. அவர்களுக்குப் பொருள் தெரியாவிட்டாலும் பயிற்சி விரைவாகப் படிந்தது. இருவரும் ஒருவருக்கொருவர் ஆசிரியரானோம்" என்பது அவர் வாக்கு.

தோட்டமே ஆய்வுகூடம்

பயிற்சி முடிந்து திரும்பியவர் முதலிற் செய்தது, பாடசாலையில் ஆய்வுகூடம் இல்லையே என்று புலம்புவதை நிறுத்தியதுதான். சப்பிரகமுவத் தோட்டம் ஒன்றில் விஞ்ஞானத்துக்குப் பஞ்சமா?

ஒரு நாள், சிரட்டை ஒன்றிற் சிறிது இறப்பர்ப் பால் எடுத்து, அதிலே தேசிக்காய்ச் சாற்றைப் பிழிந்தார். சற்று நேரத்தில் பால் திரண்டு கட்டியாயிற்று. ஸ்டோரில் இதற்கு போமிக் அமிலம் பயன்படுவதுண்டு. அப்பெயர் எறும்பைக் குறிக்கும் இலத்தீன் சொல்லிலிருந்து பிறந்தது; 1671இல் ஜோன் ரே என்னும் ஆங்கிலேய அறிஞர் எறும்புகளை வடித்தே அவ்வமிலத்தைப் பெற்ற செய்தியை வெளியிட்டார். மாமரத்து முசுறு கடித்தபின் எரிச்சல் ஏன் என்பதும், ஸ்டோரிற் பால் ஏன் உறைகின்றது என்பதும் ஒரே பாடமாயின. ஸ்டோர் அமிலம் தோலைச் சுடுவதாகையால் அதனைப் பிள்ளைகள் அருகே கொண்டுவரலாகாது, தேசிக்காயே போதுமானது.

மற்றொரு நாள் அட்டை பாடமாயிற்று. மழைக்காலத்தில் அட்டைக்கடி காணாத தோட்டப்பிள்ளை இல்லை. அட்டை விழுந்த பின்னும் இரத்தம் ஏன் நிற்காமல் வடிகின்றது? அட்டையின் உமிழ்நீரில் இரத்தத்தை உறையவிடாத பொருள் உண்டு என்பதை 1884இல் ஹேகிராப்ட் என்பவர் காட்டினார். 'தேசிக்காய் பாலை உறைய வைக்கிறது. அட்டை இரத்தத்தை உறையாமல் வைக்கிறது' என்று ஒரு சிறுவன் தன் கொப்பியில் எழுதி வைத்தானாம். இரண்டையும் இணைத்துப் பார்க்கும்படி அவனுக்கு எவரும் கூறவில்லை. விஞ்ஞானத்தின் முதற்படி இதுவே அன்றோ?

இரத்தினபுரிப் பக்கத்துப் பிள்ளைகளுக்கு வேறொரு பாடம் காத்திருக்கின்றது. மாணிக்கக் குழியிலிருந்து எடுத்த சரளைக் கல்லைப் பிரம்புக் கூடையிலிட்டு நீரிற் சுழற்றுவதை அவர்கள் கண்டிருப்பர். சாதாரண வெண்கல் நீரைப்போல் ஏறக்குறைய இரண்டரை மடங்கு பாரமானது. நீலக்கல்லோ நான்கு மடங்கு. ஆதலால், சுழலும்போது இலேசானவை மேலே போக, பாரமானவை அடியிற் படிகின்றன. ஒரு வாளி நீரும் ஒரு கூடையும் பல வகைக் கற்களும் இருந்தால், 'அடர்த்தி' என்ற சொல்லை உச்சரிக்காமலே அதன் பொருளை இரண்டாம் வகுப்பிற் கற்பித்துவிடலாம்.

மழையை அளந்த பிள்ளைகள்

இவையனைத்திலும் முக்கியமானது மழை. இரத்தினபுரி இலங்கையிலே மிகுந்த மழை பெறும் நகரங்களுள் ஒன்று. ஆண்டுக்கு 3,500 மில்லிமீற்றருக்கு மேற்பட்ட மழை அங்கே பொழிகின்றது. இம்மழையே இறப்பரையும் தேயிலையையும் வளர்க்கின்றது. இம்மழையே மலையையும் சரிக்கின்றது. 2003 மே மாதத்தில் இரத்தினபுரி மாவட்டம் வெள்ளத்தாலும் மண்சரிவாலும் பெருந்துயருற்றது. 2016 மே 17ஆந் தேதி, கேகாலை மாவட்டத்து அரநாயக்கவிலே மலை இடிந்து, நூற்றுக்கு மேற்பட்டோரை மண்ணுள் மூடிற்று. அதே நாட்களிற் புளத்கொஹுபிட்டியப் பகுதியிலே தோட்டக் குடியிருப்பும் புதையுண்டு, தொழிலாளர் குடும்பங்கள் மாண்டன. நண்பர் பயிற்சிக்குச் செல்லுமுன் நிகழ்ந்த அத்துயரம் அவர் உள்ளத்தை விட்டு அகலவில்லை.

தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மண்சரிவுக்கு முன்னறிவித்தல் கொடுப்பதற்கு மழையின் அளவை அடிப்படையாகக் கொள்கின்றது. 24 மணி நேரத்தில் 75 மில்லிமீற்றரைத் தாண்டினால் விழிப்பாயிருத்தல் வேண்டும். 100ஐத் தாண்டினால் வெளியேற ஆயத்தமாதல் வேண்டும். 150ஐத் தாண்டினால் ஆபத்தான இடத்தை விட்டு நீங்குதல் வேண்டும். மலைநாட்டில் ஒரு தோட்டத்துக்கும் அடுத்த தோட்டத்துக்கும் மழை வேறுபடும். ஆகவே, தம் மழையைத் தாமே அளக்கத் தெரிந்தவர் ஒவ்வொரு தோட்டத்திலும் இருத்தல் நலம்.

இதற்குப் பெருஞ்செலவு வேண்டியதில்லை. பக்கங்கள் நேராயுள்ள பிளாஸ்டிக் போத்தல் ஒன்றின் மேற்பகுதியை வெட்டித் தலைகீழாய்ப் புனல்போற் பொருத்தி, வெளியே மில்லிமீற்றர்க் கோடுகளை ஒட்டினால் மழைமானி ஆயிற்று. அடி வளைந்திருந்தால் நேரான பகுதிவரை நீர் ஊற்றி, அங்கிருந்தே அளவைத் தொடங்குதல் வேண்டும். கூரைக்கும் மரத்துக்கும் விலகிய வெளியில் அதனை நிறுத்தி, நாள்தோறும் காலையில் ஒரே நேரத்தில் அளந்து, எழுதி, நீரைப் பழைய கோட்டுக்குக் கொண்டுவர வேண்டும். ஒரு மில்லிமீற்றர் மழை என்பது ஒரு சதுர மீற்றர் நிலத்தில் ஒரு லீற்றர் நீர். 100 மில்லிமீற்றர் பெய்தால் ஓர் ஏக்கர் மலைச்சரிவின்மேல் ஏறக்குறைய 4 இலட்சம் லீற்றர், அதாவது 400 தொன் நீர் விழுகின்றது. நான்காம் வகுப்புப் பிள்ளைகள் இக்கணக்கைப் போட்டு முடித்துவிட்டு, சன்னல் வழியே மலையைப் பார்த்து மௌனமானார்கள் என்று நண்பர் கூறினார்.

ஒரு தென்மேற்குப் பருவமழையின்போது, காலையில் மழைமானி 112 காட்டிற்று. மழையும் விடவில்லை. அளந்த இரு சிறுமியரும் ஆசிரியரிடம் ஓடினர். ஆசிரியர் தோட்டத் தலைவரிடம் சென்றார். "போத்தல் தண்ணியைப் பார்த்து லயத்தைக் காலி பண்ணச் சொல்றீங்களா, மாஸ்டர்?" என்று சிலர் நகைத்தனர். அப்போது அச்சிறுமியருள் ஒருத்தி, தன் வீட்டுக் குசினிச் சுவரில் ஒரு கிழமையாய் வெடிப்பு விரிவதையும், பின்மேட்டிலே புதிதாய்க் கலங்கல் நீர் ஊறுவதையும் சொன்னாள். இவையிரண்டும் மண்சரிவின் முன்குறிகள் என்று வகுப்பிற் கற்றிருந்தாள். நகைத்தவர் நகைப்பை நிறுத்தினர். மேட்டோர லயத்தின் குடும்பங்கள் அன்றிரவைப் பாடசாலை மண்டபத்திற் கழித்தன.

மலை சரியவில்லை. மறுநாள் வெயில் எறித்தது. எல்லோரும் வீடு திரும்பினர். சிலர் மீண்டும் நகைத்தனர் என்பதையும் மறைப்பதற்கில்லை. ஆயின், பின்னர் அதிகாரிகள் வந்து பார்த்து, அவ்விடம் ஆபத்தானதே என்று குறித்துச் சென்றனர். அந்தப் போத்தல் இன்றும் அப்பாடசாலை முற்றத்தில் நிற்கின்றது. அளக்கும் முறை ஆண்டுதோறும் புதிய பிள்ளைகளின் கைக்கு மாறுகின்றது.

வர விரும்புவோர்க்கு

இதனை வாசிக்கும் குடும்பங்களில், 'நானும் ஆசிரியராயிருக்கலாமே' என்று உள்ளே ஏங்குபவர் இருக்கக்கூடும். அவர்க்குச் சில சொல்வோம். தேசிய கல்வியியற் கல்லூரிகள் உயர்தரம் முடித்த இளையோர்க்கு உரியவை. கொட்டகலை பத்தனையிலுள்ள ஸ்ரீபாத கல்வியியற் கல்லூரி மலையக மாணாக்கர்க்கு நன்கு தெரிந்தது. வயது கடந்தவர்க்கு வழி முற்றாக அடைபட்டதன்று. 1980இல் நிறுவப்பெற்ற இலங்கைத் திறந்த பல்கலைக்கழகம் தொழில் பார்த்துக்கொண்டே பட்டம் பெற இடமளிக்கின்றது. ஆசிரியப் பதவிகளுக்கு அரசாங்கமும் மாகாண சபைகளும் காலத்துக்குக் காலம் விண்ணப்பம் கோருகின்றன. ஒவ்வோர் அறிவித்தலிலும் வயதெல்லையும் தகுதியும் வேறுபடுமாகையால், பிறர் வாய்ச்சொல்லை நம்பாது வர்த்தமானியைத் தாமே வாசித்தல் வேண்டும்.

விஞ்ஞானம் படிக்கவில்லையே என்று அஞ்சுவோர்க்கும் ஒரு சொல். ஆரம்ப வகுப்புக்கு வேண்டிய விஞ்ஞானம், ஆறாம் வகுப்பிலிருந்து பதினோராம் வகுப்புவரையுள்ள பாடநூல்களில் பெரும்பாலும் அடங்கியுள்ளது. அவற்றை ஓராண்டு ஊன்றிப் படித்தால் அடித்தளம் கிடைத்துவிடும். எஞ்சியது நீங்கள் பார்த்த தொழிலிலேயே இருக்கின்றது. மருந்துச் சாலையில் நின்றவர்க்குக் காய்ச்சலும் கிருமியும் தெரியும். தேயிலைத் தொழிற்சாலையில் நின்றவர்க்கு வெப்பமும் ஈரமும் தெரியும். மரக்கறித் தோட்டம் போட்டவர்க்கு மண் தெரியும். ஆயின், தெரிந்ததைச் சொல்லும் ஆவலை அடக்கி, பிள்ளை கேட்பதைக் கேட்கும் பொறுமை வேண்டும். விடை தெரியாதபோது, "தெரியாது, நாளைக்குச் சேர்ந்து பார்ப்போம்" என்று சொல்லும் துணிவும் வேண்டும்.

அரசாங்கத்துக்கும் ஒரு கடமை உண்டு. பிந்தி வருவோரை அரைச் சம்பளத்தில் ஆண்டுக்கணக்காய்க் காக்க வைத்தல் முறையன்று. உலகறிவோடு வருபவர் குடும்பப் பாரத்தோடும் வருகின்றார் என்பதை உணர்ந்து, பயிற்சியையும் ஊதியத்தையும் காலத்தில் வழங்குதல் வேண்டும். இல்லையேல், அந்த அறிவு மீண்டும் கொழும்புக் கடைக்கே போய்ச் சேரும்.

ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா என்ற முதுமொழிக்கு மறுபடியும் வருவோம். நம் நண்பர் முப்பத்து நான்கு வயதிலே இளையோருடன் வாங்கில் அமர்ந்து வளைந்தார். சென்ற மாதம் அவரைச் சந்தித்தபோது, "மரத்துக்கு வலிக்காதா?" என்று கேட்ட அந்தச் சிறுமியைப் பற்றி விசாரித்தோம். உயர்தரத்தில் உயிரியல் படிப்பதற்காகத் தூரத்துப் பாடசாலை ஒன்றில் விடுதியிற் சேர்ந்திருக்கின்றாள் என்றார். "அவள் கேட்ட கேள்விக்கு முழு விடை எனக்கு இன்னும் தெரியாது, சேர். படித்துவிட்டு வந்து அவள்தான் சொல்லவேண்டும்" என்று கூறிவிட்டு, பஸ் வருகிறதென்று விரைந்தார்.